கோலாலம்பூர் வீட்டில் கீரையும் வெண்டையும்: முதல் தடவை பயிர் வைப்பவர்களுக்கு

சாம்பார் வைப்பதற்கு முன் சாமான்களை எல்லாம் மேசையில் பரப்பி மூன்று குவியலாகப் பிரியுங்கள். முதல் குவியல் கப்பலில் வந்தவை: பருப்பு, வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய், உருளைக்கிழங்கு, பெரும்பாலும் கேரட்டும் இதில்தான் சேரும். இரண்டாவது, மலையிலிருந்து லோரியில் இறங்கியவை: தக்காளி, முட்டைக்கோஸ், பீன்ஸ். கேமரன் மலைக் காய்கள் இவை. மூன்றாவது, தாழ்நிலத்துக் காய்கள்: வெண்டை, கத்தரி, பயற்றங்காய், கீரை, கறிவேப்பிலை. சிலாங்கூர், பேராக், ஜொகூர் பக்கத்துத் தோட்டங்களில் விளைகின்றன. பீடோர், கம்பார் வட்டாரத்தில் பழைய ஈயச் சுரங்க நிலங்களைக்கூடக் காய்கறித் தோட்டமாக மாற்றியிருக்கிறார்கள்.

எதை வீட்டில் பயிர் வைப்பது, எதைக் கடைக்கே விட்டுவிடுவது என்று இந்தப் பிரிப்பு சொல்லிவிடும். முதல் குவியலைத் தொடாதீர்கள். வெங்காயத்தைத் தொட்டியில் ஊன்றினால் தாள் வரும், அதைப் பறித்து ஆம்லெட்டில் போடலாம், அவ்வளவுதான். இரண்டாவது குவியலுக்குக் குளிர்ந்த இரவு வேண்டும். கோலாலம்பூரில் இரவிலும் 22 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது என்பதால் கோஸ் சரியாக உருண்டை கட்டாது. மூன்றாவது குவியல்தான் உங்களுடையது. நம் வெக்கையில் தானாக வளரக்கூடியதும் அதுதான், பறித்த மறுநாளே வாடிப்போவதும் அதுதான். கீரை லோரியில் ஒரு நாள், கடையில் ஒரு நாள் கிடந்தால் அதன் ருசி பாதி போய்விடும். வெங்காயம் ஒரு மாதம் கிடந்தாலும் வெங்காயமே.

கப்பல் குவியலைப் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: அனுப்பும் நாடு தடை போட்டால் வரத்து நின்றுவிடும். 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியது. 2024 மே மாதம்தான் தடையை எடுத்தது. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்கும் தடை போட்டு, 2024 செப்டம்பரில்தான் எடுத்தது. அரிசிப் பையை வாங்கும்போது அது உள்ளூர் அரிசியா இறக்குமதியா என்று பாருங்கள். உள்ளூர் அரிசிப் பையில் எஸ்.எஸ்.டி. (சூப்பர் ஸ்பெஷல் தெம்பாத்தான் என்ற அரிசி ரகம், வரி அல்ல) 5 விழுக்காடு என்று போட்டிருந்தால், அந்த 5 என்பது நொய் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைக் குறிக்கும்.

பாசாரில் என்ன கேட்பது

பாசார் மாலாமில் காய் விற்பவர் எல்லாரும் பயிர் செய்பவர்கள் அல்லர். பலர் விடியுமுன் செலாயாங் பாசார் போரோங்கில் மொத்தமாக எடுத்து வந்து விற்கிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை, ஆனால் அவரிடம் பயிரைப் பற்றிக் கேட்டுப் பயனில்லை. ஆளை அடையாளம் காண்பது சுலபம். முப்பது வகைக் காயும் நடுவில் ஆப்பிளும் இருந்தால் அவர் வியாபாரி. நாலைந்து வகைதான், ஆனால் ஒவ்வொன்றும் குவிந்து கிடக்கிறது என்றால், சொந்தத் தோட்டமாக இருக்க வாய்ப்பு அதிகம். அரசாங்க விவசாயச் சந்தை வாரியமான ஃபாமா நடத்தும் பாசார் தானியில் (உழவர் சந்தை) இப்படிப்பட்டவர்களை அதிகம் பார்க்கலாம்.

இரண்டே கேள்வி போதும். தமிழ்க் கடை என்றால், "அண்ணே, இது எந்த ஊர்க் காய்? எப்பப் பறிச்சது?" மலாய்க் கடை என்றால், "இனி டாரி மானா? பீலா பெத்தேக்?" பதில் சட்டென்று வந்தால் நல்லது. வராவிட்டால் காயையே கேளுங்கள். வெண்டையின் நுனியை ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டும். கீரையின் வேரில் ஈரமண் ஒட்டியிருக்க வேண்டும். வேரைக் கழுவித் தண்ணீரில் நிறுத்தியிருந்தால் நேற்றையதாக இருக்கலாம். கத்தரியின் காம்பு பச்சையாக, முள் குத்துவதாக இருக்க வேண்டும்.

பொட்டலத்தில் வாங்கினால் லேபிளில் 'நெகாரா ஆசால்' என்ற வரியைத் தேடுங்கள், விளைந்த நாடு அது. மைகேப் முத்திரை இருந்தால் அந்தத் தோட்டத்தின் நிலம், தண்ணீர், மருந்து தெளிக்கும் முறை எல்லாம் விவசாய இலாகா சோதித்தவை. மருந்தே அடிக்கவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. கடைசியாக மருந்து தெளித்த நாளுக்கும் பறித்த நாளுக்கும் இடையே விட வேண்டிய நாள் கணக்கைக் கடைப்பிடிக்கிறார்கள் என்று பொருள். செயற்கை மருந்தும் உரமும் இல்லாமல் விளைந்ததற்கு மைஆர்கானிக் என்று வேறு முத்திரை இருக்கிறது.

முதலில் வெயிலை அளந்து பாருங்கள்

மண்ணும் தொட்டியும் வாங்குமுன் ஒரு நாள் வீட்டில் இருந்து வெயிலைக் குறித்துக்கொள்ளுங்கள். காலை 9, 11, மதியம் 1, 3, மாலை 5 என்று ஐந்து தடவை, பயிர் வைக்க நினைக்கும் இடத்தைக் கைப்பேசியில் படம் எடுத்தால் போதும். நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்தியது. கோலாலம்பூரில் உச்சி வெயில் 12 மணிக்கு இல்லை, ஏறக்குறைய 1.15க்கு. அதனால் காலை 9 மணி வெயில் மெல்லிசாகவே இருக்கும், அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

தமிழ்நாட்டு யூடியூப் காணொளிகளை மட்டும் பார்த்துத் தொடங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகையில். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை மதியச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது, மற்ற மாதங்களில் தெற்கே. வடக்குப் பார்த்த வாசலில் ஜூன் மாதம் அருமையாகக் காய்த்த வெண்டை, டிசம்பரில் நிழலில் நின்று நெட்டையாக ஓடும். செடியைக் குறை சொல்லாதீர்கள், தொட்டியை நகர்த்துங்கள். கிழக்கு அல்லது மேற்குப் பார்த்த வாசலுக்கு இந்தத் தொல்லை இல்லை.

நேரடி வெயில் 6 மணி நேரம் இருந்தால் வெண்டை, கத்தரி, மிளகாய். 4 மணி நேரம் என்றால் தண்டுக்கீரை, காங்கோங், பசலை. அதற்கும் குறைவாக இருந்தால் பொன்னாங்கண்ணி, வல்லாரை, புதினா. இரண்டு மணி நேரம்கூட இல்லாத வீட்டில் பயிரை மறந்துவிட்டு, அக்கம்பக்கத்துச் சமூகத் தோட்டத்தில் ஒரு பாத்தி கிடைக்குமா என்று விசாரிப்பது நல்லது.

ஃபிளாட்டில் இருப்பவர்கள் பால்கனிச் சுவரின் மேல் எதையும் வைக்கக் கூடாது. ஈரமண் நிறைந்த 20 லிட்டர் வாளி 25 கிலோவுக்கு மேல் வரும். வீட்டுக்கு வெளியே உள்ள நடைபாதையும் வேண்டாம், தீப்பிடித்தால் ஆட்கள் ஓடும் வழி அது.

மண் கலவை

தோட்டத்து மண்ணை மட்டும் அள்ளி நிரப்புவதுதான் முதல் தவறு. நம் செம்மண் மழையில் இறுகி, காய்ந்தால் செங்கல் மாதிரி ஆகிவிடும். இங்குள்ள நர்சரிகளில் வழக்கமான கணக்கு 3:2:1. மூன்று பங்கு மேல்மண், இரண்டு பங்கு மக்கிய எரு, ஒரு பங்கு ஆற்று மணல். சுங்கை பூலோ நர்சரி வரிசையில் மூன்றும் ஒரே கடையில் கிடைக்கும்.

ஐந்து வாளிக்கு இப்படிக் கலக்குங்கள். 5 லிட்டர் பாத்திரத்தை அளவாக வைத்துக்கொண்டு 9 அளவு மண், 6 அளவு எரு, 3 அளவு மணல். மொத்தம் 90 லிட்டர். கலந்து அழுத்தினால் சற்றுக் குறையும். ஐந்து 20 லிட்டர் வாளியில் மேலே நான்கு விரல் விட்டு நிரப்பச் சரியாக இருக்கும். அந்த நான்கு விரல் இடைவெளி முக்கியம், இல்லாவிட்டால் மாலை மழை மண்ணை வெளியே அடித்துக்கொண்டு போய்விடும்.

எரு ஆட்டுச் சாணமாக இருந்தால் அது மக்கியதா என்று பாருங்கள். கறுத்து, நாற்றமில்லாமல், விரலால் நசுக்கினால் தூளாக வேண்டும். உருண்டை உருண்டையாகக் கெட்டியாக இருந்தால் நனைத்து, சாக்கால் மூடி ஒரு மாதம் போட்டு வையுங்கள். புதுச் சாணம் மண்ணுக்குள் சூடேறி வேரைக் கருக்கும், புல்விதையையும் சேர்த்துக் கொண்டுவரும். கோழி எரு என்றால் பதப்படுத்தி மூட்டையில் வருவதை மட்டும் வாங்குங்கள். பச்சைக் கோழி எருவுக்கு ஈ மொய்த்துப் பக்கத்து வீட்டோடு சண்டைதான் மிஞ்சும்.

நம் மண் புளிப்பு மண். ஒரு வாளிக்கு இரண்டு மேசைக்கரண்டி டோலமைட் சுண்ணாம்புத் தூள் கலந்து, நனைத்து, பத்து நாள் விட்டு வையுங்கள். அதே நாளில் ரசாயன உரம் போடக்கூடாது. சுண்ணாம்போடு சேர்ந்தால் உரத்தில் உள்ள தழைச்சத்து வாயுவாகப் பறந்துவிடும்.

வாளியின் அடியில் பென்சில் பருமனுக்கு எட்டு ஓட்டை போடுங்கள். பக்கவாட்டிலும் அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் நாலு ஓட்டை இருந்தால், சிமெண்டுத் தரையில் அடி ஓட்டை அடைத்துக்கொண்டாலும் தண்ணீர் வடியும். கீரைக்கு வாளி தேவையில்லை. பாசாரில் பழம் வரும் வெள்ளை நுரைப்பெட்டி, 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் போதும்.

கீரை: 28 நாள் பாடம்

புதிதாகத் தொடங்குபவர்கள் கீரையில்தான் தொடங்க வேண்டும். தவறு செய்தால் நாலே வாரத்தில் தெரிந்துவிடும், திருத்தி மறுபடி விதைக்கலாம். கத்தரியில் தொடங்கினால் தவறு எங்கே என்று தெரியவே மூன்று மாதமாகும்.

விதைப் பொட்டலத்தில் மலாய்ப் பெயர்தான் இருக்கும். தண்டுக்கீரை 'பாயம்', வெண்டை 'பெண்டி', கத்தரி 'தெரோங்', பயற்றங்காய் 'காச்சாங் பாஞ்சாங்'. தேதியைப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் கடையில் வெயில் பட்டுக் கிடந்த விதை பாதிகூட முளைக்காது. இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் பூசிய விதை மருந்து தடவியது. தொட்ட கையைக் கழுவுங்கள்.

ஒரு பெட்டி 60க்கு 40 சென்டிமீட்டர் என்றால், இரண்டு விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை விதை போதும். கண்ணுக்குக் கொஞ்சமாகத்தான் தெரியும், ஆனால் அதில் சில நூறு விதை இருக்கும். எல்லாரும் அள்ளிக் கொட்டும் இடம் இது. அந்தச் சிட்டிகையை ஐந்து கரண்டி காய்ந்த மணலோடு கலந்து பரவலாகத் தூவுங்கள். மேலே மண்ணை மூடாமல், உள்ளங்கையால் தட்டிவிட்டு, ஈரமான செய்தித்தாளை விரித்து வையுங்கள். எறும்பு விதையைத் தூக்குவதும், மழைத்துளி விதையை மூலைக்குத் தள்ளுவதும் இதனால் குறையும். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ முளை தெரியும். அன்றே தாளை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் நாற்று வெளிறி நூல் மாதிரி நீண்டு சாயும்.

முதல் பத்து நாளில் நாற்று அடித்தண்டில் கருத்து, நூலாகி, ஒவ்வொன்றாகச் சாய்ந்தால் அது அழுகல் நோய். காரணம் மூன்றில் ஒன்று: விதை நெருக்கம், சாயங்காலம் தண்ணீர் ஊற்றுவது, வடியாத மண். சாய்ந்தவற்றைக் காப்பாற்ற முடியாது. அந்தப் பகுதி மண்ணோடு அள்ளி எறிந்துவிட்டு, காலையில் மட்டும் தண்ணீர் விடுங்கள்.

எட்டாம் நாள் நெருக்கமாக நிற்கும் நாற்றைப் பிடுங்கிக் கலைத்து விடுங்கள். செடிக்குச் செடி 5 சென்டிமீட்டர். பிடுங்கிய பிஞ்சை எறிய வேண்டாம், ரசத்தில் போடலாம். பத்தாம் நாளும் பதினேழாம் நாளும் 15:15:15 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது) ஒரு தேக்கரண்டியை 5 லிட்டர் தண்ணீரில் கரைத்து வேரில் ஊற்றுங்கள். இலைமேல் பட்டால் உடனே வெறும் தண்ணீரால் கழுவுங்கள். ரசாயனம் வேண்டாம் என்பவர்கள் மக்கிய எருவை ஒரு விரல் கனத்துக்குத் தூவலாம். ஐந்தாறு நாள் கூடுதலாகும்.

25ஆம் நாள் முதல் 28ஆம் நாளுக்குள் அறுவடை. வேரோடு பிடுங்கலாம், அல்லது கீழே இரண்டு கணு விட்டு வெட்டினால் இன்னொரு தடவை தளிர்க்கும். தள்ளிப்போடாதீர்கள். தண்டுக்கீரை குறுகிய பகலில் பூக்கும் இனம். நம் ஊரில் வருடம் முழுவதும் பகல் 12 மணி நேரம்தான். ஒரு நாள் தண்ணீர் மறந்தாலும், இடம் நெருக்கமானாலும், 'இனி பூத்துவிடலாம்' என்று அது முடிவெடுத்துவிடும். பூத்தபின் தண்டு நார்தான்.

ஒரு பெட்டி நாலு பேர் குடும்பத்துக்கு இரண்டு மூன்று வேளைக் கீரை தரும். பத்து நாளுக்கு ஒரு பெட்டி என்று மூன்று பெட்டியைச் சுழற்சியில் வைத்தால் வீட்டில் கீரை தட்டாது. ஒரே நாளில் மூன்றையும் விதைத்தவர்கள் ஒரு வாரம் கீரையாகவே தின்றுவிட்டு அப்புறம் ஒரு மாதம் சும்மா இருப்பார்கள்.

வெண்டையும் கத்தரியும்

வெண்டை விதையை ஓர் இரவு ஊற வையுங்கள். ஒரு வாளிக்கு மூன்று விதை, 2 சென்டிமீட்டர் ஆழம். ஐந்தாம் நாளுக்குள் முளைக்கும். இரண்டு வாரத்தில் திடமான ஒன்றை விட்டு மற்றதைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பிடுங்கினால் நிற்கும் செடியின் வேரும் அறுந்துவிடும். 40 நாள் வாக்கில் பூ, பூத்து ஐந்தாறு நாளில் காய். விரல் நீளம் வந்ததும் பறிக்க வேண்டும். இரண்டு நாளுக்கு ஒரு தடவை செடியைப் பார்க்காவிட்டால் ஒரு காய் முற்றிவிடும், ஒரு காய் முற்றினாலே புதுப் பூ குறையும்.

கணக்கைச் சொல்லிவிடுகிறோம். நன்றாக நிற்கும் ஒரு செடி இரண்டு நாளுக்கு ஒரு காய்தான் தரும். ஆறு செடி வைத்தால் வாரத்துக்கு இருபது காய், அதாவது ஒரு பொரியல். இரண்டு செடி வைத்துவிட்டு "காய்க்கவே இல்லை" என்று சொல்பவர்கள் அதிகம். பூத்தபின் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, நீல உரம் எனப்படும் 12:12:17:2 ஒரு தேக்கரண்டி, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். இலை நரம்பெல்லாம் மஞ்சள் வலையாக மாறினால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். மருந்து கிடையாது. செடியைப் பிடுங்கிப் பையில் கட்டி எறியுங்கள்.

கத்தரியும் தக்காளியும் இங்கே சாவது பெரும்பாலும் ஒரே நோயால், பாக்டீரியா வாடல். நேற்றுவரை பச்சையாக நின்ற செடி, மண்ணில் ஈரம் இருக்கும்போதே மதியம் தொங்கும், இரவில் தேறும், நாலே நாளில் நிரந்தரமாகச் சாய்ந்துவிடும். தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுவார்கள், அது நோயை விரட்டிப் பரப்பும். சோதிக்க ஒரு வழி உண்டு. அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீரில் நுனி மட்டும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெட்டிய இடத்திலிருந்து பால் நூல் மாதிரி வெள்ளையாக இறங்கினால் அந்த நோய்தான். அந்த வாளி மண்ணில் இனி கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் வைக்கக் கூடாது. கீரையோ வெண்டையோ வைக்கலாம்.

இதற்கு இந்த நாட்டு விவசாயிகள் கண்ட வழி சுண்டைக்காய். மலாய்க்காரர்கள் தெரோங் பிப்பிட் என்பார்கள். சுண்டைச் செடியின் வேர் இந்த நோய்க்கு அசைந்துகொடுக்காது. அதன் அடித்தண்டில் கத்தரி நுனியை ஒட்டு கட்டுவார்கள். கட்டத் தெரியாவிட்டால் நர்சரியில் ஒட்டுக் கத்தரி என்று கேட்டு வாங்குங்கள். ஒட்டுக்குக் கீழிருந்து வரும் சுண்டைத் தளிரைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுண்டை மேலேறிக் கத்தரியை ஒடுக்கிவிடும்.

கறிவேப்பிலை, முருங்கை

கறிவேப்பிலைக்குப் பொறுமை வேண்டும். கடைக் கொத்தை ஊன்றினால் வேர் பிடிப்பது அபூர்வம். வளர்ந்த மரத்தடியில் முளைக்கும் பக்கக் கன்றை வேரோடு தோண்டி வாங்குங்கள், அல்லது நர்சரிக் கன்று. முதல் வருடம் பறிக்காதீர்கள். முழங்கால் உயரம் தாண்டியதும் உச்சியைக் கிள்ளினால் கிளை பிரியும். பறிக்கும்போது இலை இலையாக உருவாமல் ஈர்க்கோடு ஒடியுங்கள். பூத்தால் பூவை வெட்டிவிடுங்கள்.

புளித்த மோர் ஊற்றினால் செழிக்கும் என்பது வீட்டுக்கு வீடு சொல்வது. ஊற்றலாம், கெடுதல் இல்லை. ஆனால் எருவும் வெயிலும் இல்லாமல் மோர் மட்டும் ஊற்றி மரம் வளர்ந்ததில்லை. இலையில் பறவை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தால் உற்றுப் பாருங்கள், அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. வளர்ந்தால் பச்சையாகி ஒரே வாரத்தில் கன்றை மொட்டையடித்துவிடும். கையால் எடுத்துப் போடுவதே வைத்தியம்.

முருங்கையைத் தொட்டியில் வைக்காதீர்கள். வீட்டுச் சுவரோரமும் கால்வாயோரமும் வேண்டாம், கிளை பலவீனமானது, புயல்மழையில் காரின் மேல் விழும். கோலாலம்பூர் மழைக்குப் பூ கொட்டிப்போவதால் காயைவிடக் கீரைக்காகத்தான் இங்கே முருங்கை.

தண்ணீரும் கொசுவும்

20 லிட்டர் வாளிக்குக் காலையில் ஒரு லிட்டர். முந்தின நாள் மழை பெய்திருந்தால் ஆள்காட்டி விரலை இரண்டு கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் ஊற்ற வேண்டாம். நம் ஊரில் செடி காய்ந்து சாவதைவிட ஊறிச் சாவதே அதிகம்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் வரை ஏழெட்டு நாள்தான். தட்டில் உள்ள நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து அடுத்த மழையில் பொரிக்கும். பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். தாங்கலுக்கு ஊன்றும் மூங்கில் கழியின் மேல் துவாரத்தை மணல் போட்டு அடையுங்கள்; யாரும் பார்க்காத இடம் அது. மழைநீர்ப் பீப்பாய்க்கு நெருக்கமான வலை கட்டுங்கள். லார்வா கண்டால் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் அபராதம் உண்டு.

பூச்சியும் நத்தையும்

அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ மூன்றுக்கும் ஒரே தெளிப்பு: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், பாத்திரம் கழுவும் சோப்பு நாலைந்து சொட்டு. முதலில் சோப்பும் எண்ணெயும் சேர்த்துக் கலக்கிவிட்டுத்தான் தண்ணீர் விட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் மிதந்து இலையைக் கருக்கும். மாலை 6 மணிக்குமேல், இலையின் அடிப்பக்கம். ஐந்து நாளுக்கு ஒரு தடவை, மூன்று முறை. மழை பெய்து கழுவிவிட்டால் திரும்ப அடிக்க வேண்டும். பறிப்பதற்கு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். தண்டில் எறும்பு வரிசை ஏறினால் மேலே அசுவினி இருக்கிறது என்று அர்த்தம். எறும்புதான் அதைச் சுமந்து வந்து மேய்க்கிறது.

மழை விட்ட இரவு டார்ச்சோடு நத்தை பிடியுங்கள். கையுறை கட்டாயம். ஆப்பிரிக்க நத்தையும் அட்டை மாதிரி ஊரும் ஓடில்லா நத்தையும் எலியிடமிருந்து வாங்கிய ஒரு புழுவைச் சுமக்கக்கூடும், அது மனிதனின் மூளையைப் பாதிக்கும். உப்புத் தூவாதீர்கள், நத்தை சாகும், மண்ணும் சாகும். கீரையை இலை இலையாகக் கழுவி, வேக வைத்தே சாப்பிடுங்கள். வல்லாரைச் சம்பலைப் பச்சையாகச் சாப்பிடும் வீடுகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

சமையல் கழிவு

மூடியுள்ள இரண்டு வாளி. அடியில் ஓட்டை. காய்த்தோல், டீத்தூள், முட்டை ஓடு ஒரு பங்கு என்றால் காய்ந்த இலை அல்லது கிழித்த அட்டை இரண்டு பங்கு. மீன், இறைச்சி, எண்ணெய்ப் பதார்த்தம் வேண்டாம், எலி வரும். தேங்காய்ச் சக்கையைக் குவித்துப் போட்டால் புளித்து நாறும், கைப்பிடி அளவு பரவலாகப் போடலாம். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், காய்ந்ததைச் சேர்த்துக் கிளறுங்கள். கொழுத்த சாம்பல் நிறப் புழு நெளிந்தால் பயப்படாதீர்கள், கறுப்பு ஈயின் புழு அது, கழிவைத் தின்று வேலையைச் சீக்கிரம் முடிக்கும். ஒரு வாளி நிறைந்ததும் அதை மூடி ஒதுக்கிவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். இந்த வெக்கையில் இரண்டு மாதத்துக்குமேல் போனால் மண்வாசனை வரும். அப்போதுதான் அது எரு.

விதை எடுப்பது

எஃப்1 (கலப்பினம்) என்று அச்சிட்ட பொட்டலத்து விதையிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடி மாதிரி வராது. அதில் மெனக்கெட வேண்டாம். நாட்டு வெண்டை என்றால் நல்ல செடியில் நடுக்காய் இரண்டை முற்றவிடுங்கள். செடியிலேயே முழுசாகக் காயட்டும் என்று காத்திருந்தால் நம் மழையில் பூஞ்சணம் பிடிக்கும். காய் பழுப்பேறி விளிம்பு வெடிக்கத் தொடங்கியதும் வெட்டி, சமையலறையில் காற்றாட இரண்டு வாரம் தொங்கவிடுங்கள். குலுக்கினால் கலகலவென்று சத்தம் வந்தபின் உடைத்து, ஒரு கண்ணாடிக் குப்பியில் வறுத்து ஆறிய அரிசி இரண்டு கரண்டி போட்டு, அதன்மேல் காகிதத்தில் மடித்த விதையை வையுங்கள். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். குப்பியின் மேல் பயிரின் பெயரையும் தேதியையும் எழுதிக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் அடுத்த வருடம் வரை முளைக்கும்.